வி.எஸ்.சி லைற் அணைய மறுக்கிறதா? அறிகுறியைக் கேட்டுப் பிழையைப் பிடிக்கும் வழி

மீற்றரில் ஒரு சின்னக் கார்ப் படம், அதன் பின்னால் வளைந்து போகும் இரண்டு ரயர்த் தடம். நிறம் மஞ்சள். டொயோட்டாவில் இதை வி.எஸ்.சி என்பார்கள், ஹொண்டாவில் வி.எஸ்.ஏ, நிசானில் வி.டி.சி, சுசுகியில் ஈ.எஸ்.பி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். நீங்கள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள், கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒரு சில்லுக்கு மட்டும் பிறேக் போட்டு, எஞ்சின் இழுவையையும் குறைத்து, காரை நேர்ப்படுத்தும்.

கிளிநொச்சிப் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "அண்ணை, லைற் எரியுதுதான், ஆனா கார் நல்லா ஓடுது. அந்தப் பல்பைக் கழட்டிவிட ஏலாதோ?" ஏலும். ஆனால் கழட்டக்கூடாது. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரைக்கும் ஏ9 எப்படியான வீதி என்று எல்லாருக்கும் தெரியும். நேராகக் கிடக்கும், கால் தானாக அழுத்தும், இரவில் மாடு குறுக்கே படுத்திருக்கும். மாட்டைக் கண்டதும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டி உடனே மறுபக்கம் வெட்டுவோம். அந்த இரண்டாவது வெட்டில்தான் காரின் பின்பக்கம் வீசி எறியும். வி.எஸ்.சி இருப்பதே அந்த ஒரு நொடிக்காகத்தான். அதனால் இந்த லைற்றை நான் சின்ன விசயமாகப் பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார் திரும்ப வரத் தொடங்கியது 2025இல். இடையில் நம் வீதிகளில் ஓடியதெல்லாம் அதற்கு முன் வந்த அக்குவா, பிறியஸ், விட்ஸ், வகன் ஆர், வெசல் போன்ற கார்கள்தான். அவற்றுக்கெல்லாம் இப்போது பெயரிங்கும் வயரும் களைக்கும் வயது. இந்த லைற் பெருகியிருப்பதற்கு அதுதான் காரணம். பெரும்பாலும் பிழை சில்லுப் பக்கத்திலோ பற்றரியிலோ இருக்கும், பிறேக் குழாய்கள் போய்ச் சேரும் விலை கூடிய பெட்டியில் இருப்பது குறைவு.

காரின் கம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானரைக் குத்துவதற்கு முன் ஒரே கேள்வி: லைற் எப்போது எரிந்தது? ரயர் மாற்றிய அன்றா, அலைன்மென்ட் செய்த பிறகா, மழையில் ஓடிய பிறகா, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? பதிலைக் கடதாசியில் எழுதுங்கள். கம்பியூட்டரில் பதிவாகியிருக்கும் பிழைக் கோட்டையும் (சி1241 போன்ற பிழை இலக்கம்) எழுதி வைக்காமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். "கிளியர் பண்ணிப் பாப்பம்" என்று முதலிலேயே அழித்துவிட்டால், அடுத்த முறை வரும்வரை தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஓடலாமா, நிறுத்த வேண்டுமா

ஓடும்போது லைற் ஒரு சில நொடி மினுங்கி அணைந்தால் அது பிழை இல்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம். கிரவல் வீதியிலும் ஈரத்தாரிலும் இது சாதாரணம்.

நிலையாக எரிந்தால் அந்தப் பாதுகாப்பு நின்றுவிட்டது. சாதாரண பிறேக் பிடிக்கும், மெதுவாக வீட்டுக்குப் போகலாம். கூடவே ஏ.பி.எஸ் (பிறேக்கில் சில்லு இறுகாமல் காக்கும் சிஸ்டம்) லைற்றும் எரிந்தால் அவசரப் பிறேக்கில் சில்லு இறுகிச் சறுக்கும், இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

சிவப்பு பிறேக் லைற்றும் சேர்ந்தால் நிறுத்துங்கள். ஹான்ட் பிறேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிறேக் ஒயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஓடாதீர்கள், ஒழுக்கு எங்கே என்று தேடுங்கள். அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிரிட்டில் சிவப்பு லைற்றோடு பஸர் விடாமல் கத்தினால் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. அவற்றில் பிறேக் அழுத்தத்தை மின்சாரப் பம்ப்தான் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு இறங்கினால் பெடல் கல்லாக இறுகும். பாரவண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

'ஓஃப்' என்ற எழுத்தோடு எரிந்தால்

டாஷ்போட்டில் சறுக்கும் கார் படம் போட்ட சுவிச்சை யாரோ அமத்தியிருக்கிறார்கள். பிள்ளை அமத்தியிருக்கலாம், சேர்விஸில் துடைக்கும்போது அமர்ந்திருக்கலாம். திரும்ப அமத்தினால் அணையும், அல்லது காரை அணைத்துப் போட்டால் சரி.

அந்த சுவிச் எதற்கென்று தெரிந்திருப்பது மாரியில் உதவும். ஒழுங்கைச் சேற்றில் சில்லு புதைந்து, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க எஞ்சின் சக்தி இல்லாமல் அடங்கினால் அது எஞ்சின் கோளாறு இல்லை. சில்லு வீணாகச் சுற்றுகிறது என்று சிஸ்டம் சக்தியை வெட்டுகிறது. அப்போது அணைத்துவிட்டு வெளியே எடுத்து, தார் வீதியில் ஏறியதும் திரும்பப் போடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரேயடியாகப் பல லைற்

வி.எஸ்.சி, ஏ.பி.எஸ், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்து எரிந்து, கொஞ்ச நேரத்தில் சில அணைந்தால் முதலில் பற்றரியைப் பாருங்கள். மல்ரிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.4 முதல் 12.6 வோல்ற் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி களைத்துவிட்டது. ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அல்டனேற்றர் பக்கம் பாருங்கள்.

ஹைபிரிட்டில் அல்டனேற்றர் இல்லை. பெரிய பற்றரியிலிருந்து மின்னழுத்தத்தைக் குறைத்துச் சின்ன 12 வோல்ற் பற்றரிக்குச் சார்ஜ் போகிறது. அந்தச் சின்னப் பற்றரி அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும், பலர் அதை மறந்தே போவார்கள். டொயோட்டாவில் சி1241 என்ற கோட் இருந்தால் மின்னழுத்தம் தவறியிருக்கிறது என்று பொருள். பற்றரியை மாற்றுவதற்கு முன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சுரண்டி, பொடியில் எர்த் வயர் பூட்டியிருக்கும் போல்ற்றையும் இறுக்கிப் பாருங்கள். அதோடு தீர்ந்துவிடும் வண்டிகள் நிறைய.

எஞ்சின் லைற்றோடு சேர்ந்து எரிந்தால்

வி.எஸ்.சியைத் தொடாதீர்கள். எஞ்சினில் பிழை வந்ததும், தன்னால் எஞ்சின் சக்தியைக் குறைக்க முடியாது என்று வி.எஸ்.சி ஒதுங்கிக்கொள்ளும். டொயோட்டாவில் சி1201 அதைத்தான் சொல்கிறது. எஞ்சினைத் திருத்துங்கள், இதுவும் அணையும்.

ஓடத் தொடங்கிச் சில மீற்றரில் எரிகிறது, ஏ.பி.எஸ்ஸும் கூடவே எரிகிறது

வன்னியில் நான் அதிகம் காணும் பிழை இது. நாலு சில்லிலும் ஒவ்வொரு வேகச் சென்சர் இருக்கிறது. நின்ற இடத்தில் எல்லாம் சைபர்தான், அதனால் சிஸ்டம் ஒன்றும் சொல்லாது. வண்டி உருண்டதும் மூன்று சில்லு ஒரு வேகமும் ஒரு சில்லு சைபரும் காட்டினால் உடனே லைற்றைப் போடும்.

எந்தச் சில்லு என்று கண்டுபிடிக்க நல்ல வழி, ஏ.பி.எஸ் வாசிக்கும் ஸ்கானரோடு ஓடிப் பார்ப்பது. ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் இருந்து நாலு வேகத்தையும் பார்க்க வேண்டும். நேர் வீதியில் 20, 30 கிலோமீற்றர் வேகத்தில் நாலும் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று பின்தங்கினாலோ, இடையிடையே சைபருக்கு விழுந்து எழும்பினாலோ அதுதான் ஆள். டொயோட்டாவின் கோட்டும் சில்லைச் சொல்லும்: சி0200 முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது. கையடக்கத் தொலைபேசியில் புளூடூத்தால் வேலை செய்யும் மலிவான வாசிப்பான் பெரும்பாலும் எஞ்சின் கோட்டை மட்டுமே காட்டும். அது "பிழை இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்கானர் இல்லாத இடத்தில் பல டொயோட்டாக்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சொக்கெட்டில் 4ஆம் முனையையும் 13ஆம் முனையையும் ஒரு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஓனில் போடுங்கள். ஏ.பி.எஸ் லைற் மினுங்கத் தொடங்கும். ஒரே சீராக மினுங்கினால் பிழை பதிவில் இல்லை. மூன்று மினுங்கல், சின்ன இடைவெளி, பிறகு ஒரு மினுங்கல் என்றால் 31: முன் வலது. 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது, 41 மின்னழுத்தம். ஆனால் கவனம், 16ஆம் முனையில் எப்போதும் பற்றரியின் பொசிற்றிவ் நிற்கிறது. முனைகளை எண்ணத் தடுமாறுபவர் இதைச் செய்யக்கூடாது.

சில்லைக் கண்டுபிடித்த பிறகும் சென்சரை வாங்க ஓடாதீர்கள். சில்லைக் கழட்டி வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போங்கள். ஸ்டியரிங்கோடு திரும்பும் இடத்தில் வயர் உள்ளே அறுந்து, வெளித்தோல் மட்டும் முழுதாக இருக்கும். பிறேக் வேலை செய்தவர் கிளிப்பைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருந்தால் ரயர் உரசித் தேய்ந்திருக்கும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் கார் என்றால் எலி கடித்த இடத்தையும் தேடுங்கள். சொக்கெட்டைத் திறந்து உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சென்சரின் முனை. கிரவல் வீதியில் ஓடும் காரில் சிவப்புப் புழுதியும் பிறேக் தேய்ந்த இரும்புத் தூளும் சேர்ந்து முனையில் பசைபோல அப்பியிருக்கும். சென்சரில் காந்தம் இருப்பதால் அந்தத் தூள் தானாக விழாது. துணியால் துடைத்துப் பூட்டினாலே திருந்திய கார்கள் உண்டு. துருப்பிடித்து இறுகியிருந்தால் குறட்டால் இழுக்காதீர்கள், உடைந்துவிடும். துரு இளக்கும் ஒயில் அடித்து, பொறுத்து, மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும்.

சென்சரையே சோதிக்க வேண்டுமென்றால் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய வகை வெறும் சுருள். ஓம் மீற்றரில் ஆயிரம் ஓம் அளவில் காட்டும், வலதையும் இடதையும் அளந்து ஒப்பிட்டால் போதும். புதிய வகைக்குள் மின்சுற்று இருக்கிறது, அதை ஓமில் அளப்பதால் பயனில்லை. சொக்கெட்டைக் கழட்டி, திறப்பை ஓனில் போட்டு, வண்டிப் பக்க வயரில் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குற்றம் வயரில் அல்லது அதற்கும் அப்பால்.

பெயரிங் மாற்றிய பிறகுதான் லைற் வந்தது

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் ஆட்கள் வீணாகச் சென்சர் மேல் சென்சர் வாங்குகிறார்கள். பழைய வகையில் சில்லோடு சுற்றும் பல்வளையத்தைப் பார்த்துத்தான் சென்சர் வேகத்தை அறியும். புதிய வகையில் அந்தப் பல்வளையம் கிடையாது. பெயரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தப் பட்டி சுற்றிவரப் பதித்திருக்கிறது. பார்வைக்கு இரண்டு பக்கமும் கறுப்பு றப்பர்தான். பிறஸ்ஸில் வைத்து அடிக்கும்போது மாறிப் போட்டால் பெயரிங் சத்தமில்லாமல் சுற்றும், சென்சருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

போடுவதற்கு முன் ஒரு குண்டூசியின் தலையை நூலில் கட்டி இரண்டு பக்கத்துக்கும் நெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஊசி சும்மா தொங்கும், மறுபக்கத்தில் மெல்லச் சாய்ந்து ஒட்டப் பார்க்கும். சாயும் பக்கம் சென்சரைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குக் கிட்ட ஸ்பீக்கர் காந்தம் போன்ற எதையும் கொண்டுபோக வேண்டாம், பட்டி கெட்டுவிடும். ஏற்கெனவே மாறிப் பூட்டியிருந்தால் அதைக் கழட்டித் திருப்பிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். கழட்டும் அடியிலேயே பெயரிங் போய்விடும், புதியதுதான் போட வேண்டும்.

நிற்கப்போகும் நேரம் பெடல் துடிக்கிறது

காய்ந்த தார் வீதி, மெதுவாகப் பிறேக் பிடிக்கிறீர்கள், கடைசி சில மீற்றரில் பெடல் 'கிர்ர்' என்று நடுங்கிக் கார் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. லைற் எரியாமலும் இருக்கலாம். ஒரு சில்லு நின்றுவிட்டது என்று தவறாக நினைத்து ஏ.பி.எஸ் வேலை செய்கிறது. பல்வளையத்தில் வெடிப்பு, ஆடும் பெயரிங், முனையில் தூள் இந்த மூன்றில் ஒன்று. டிஸ்க் நெளிந்ததால் வரும் நடுக்கமா என்று சந்தேகம் இருந்தால், அது கூடிய வேகத்தில் பிடிக்கும்போது ஸ்டியரிங்கிலும் தெரியும். பழைய பாணிக் காரில் ஆளில்லாத இடத்தில் ஏ.பி.எஸ் பியூஸைக் கழட்டி ஒரு முறை பிடித்துப் பார்க்கலாம். துடிப்பு நின்றால் சென்சர் பக்கம்தான். பியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு வாருங்கள். ஹைபிரிட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

காய்ந்த வீதியில், வளைவில், லைற் மினுங்கி ஒரு பக்கம் இழுக்கிறது

சறுக்கவே இல்லை, ஆனால் சிஸ்டம் சறுக்குகிறது என்று நினைக்கிறது. முதலில் ரயர். நாலும் ஒரே அளவா, காற்றுச் சரியா? 175/65 ஆர்15 போட வேண்டிய இடத்தில் கடையில் கிடைத்தது என்று ஒரே ஒரு 185/65 ஆர்15 பூட்டியிருந்தால் அந்தச் சில்லின் விட்டம் 2 சதவீதத்துக்கு மேல் பெரிது. அது எப்போதும் மற்றவற்றைவிட மெதுவாகச் சுற்றும்.

அடுத்தது அலைன்மென்ட். நேர் வீதியில் போகும்போது ஸ்டியரிங் வளையம் சரிந்து நிற்கிறதா? ஸ்டியரிங் கோணச் சென்சர் அந்தச் சரிவை "திரும்புகிறார்" என்று வாசிக்கும். ஸ்டியரிங் வளையத்தைக் கழட்டி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் சரிவு கண்ணுக்கு மறையும், சென்சரின் சைபர் இன்னும் பிழைதான். கீழே ரை றொட்டில் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பி) சரிப்படுத்தி, பிறகு 'இதுதான் நேர்' என்று சைபரைப் பதிய வேண்டும். சில கார்களில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, நேராகக் கொஞ்சத் தூரம் ஓடினால் தானே பதியும். மற்றவற்றுக்கு ஸ்கானர் வேண்டும். அந்த நேரம் கார் மட்டமான தரையில் அசையாமல் நிற்க வேண்டும், கதவு சாத்துவதுகூடக் கூடாது. டொயோட்டாவில் சி1210, சி1336 இருந்தால் பழுது என்று பொருளில்லை, சைபர் பதியப்படவில்லை என்றுதான் பொருள். சி1231 என்றால் ஸ்டியரிங் கோணச் சென்சரின் சுற்றிலேயே பிழை.

ஸ்கானரில் பார்த்தால் நேராக ஓடும்போது கோணம் சைபருக்கு ஒட்டி நிற்க வேண்டும், நிற்கும்போது கார் சுழலும் அளவு சைபரில் இருக்க வேண்டும்.

கியர் 'பி'யிலிருந்து இறங்க மறுக்கிறது, கூடவே வி.எஸ்.சி

பிறேக் பெடலுக்கு மேலே, மிதித்ததைச் சொல்லும் சுவிச்சைப் பாருங்கள். இரவில் மதிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி மிதித்துப் பாருங்கள், பின் சிவப்பு வெளிச்சம் மதிலில் வர வேண்டும், காலை எடுத்ததும் போக வேண்டும். மலிவாகத் திருந்தும் பிழை.

மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு

வட்டுவாகல் பாலத்தில் நந்திக்கடல் தண்ணீர் ஏறி நிற்கும்போது ஓட்டிப் போன காரும், குளம் வான் பாயும்போது நன்னீரில் போன காரும் ஒன்றல்ல. உப்புத் தண்ணீர் காய்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். வீடு வந்ததும் சில்லுக்குள்ளும் அடிப்பக்கமும் நல்ல தண்ணீர் அடியுங்கள், சென்சர்ச் சொக்கெட்டுகளைத் திறந்து காயவிடுங்கள்.

காருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் இன்னொரு இடத்தைப் பார்க்க வேண்டும். காரின் சுழற்சியை அளக்கும் சென்சர் பல வண்டிகளில் இரண்டு முன் சீற்றுக்கும் நடுவில், கொன்சோலுக்குக் கீழே தரையில் பூட்டியிருக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோன்ற வெள்ளத்துக்குப் பிறகு கார்பெற்றைக் கழட்டிக் காயப்போடுவார்கள். திரும்பப் பூட்டும்போது அந்தப் பெட்டி சரிந்தோ, போல்ற் ஒன்று குறைந்தோ பூட்டினால் கார் எப்போதும் சாய்ந்து நிற்கிறது என்று அது சொல்லும். யூ0123 என்ற கோட் அந்தச் சென்சரோடு தொடர்பு அறுந்ததைக் குறிக்கும், யூ0126 ஸ்டியரிங் கோணச் சென்சரோடு. இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டு சென்சரும் பழுது என்று எடுக்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான பியூஸையும் வயரையும் பாருங்கள்.

"யூனிட் போயிட்டுது" என்று சொன்னால்

பிறேக் குழாய்கள் எல்லாம் போய்ச் சேரும் அந்த அலுமினியப் பெட்டியைக் கடைசியில்தான் குற்றம் சொல்ல வேண்டும். சொல்லுமுன் பம்புக்குப் போகும் பெரிய பியூஸ், எர்த் வயர், பெட்டியின் சொக்கெட் மூன்றையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். காசு கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது, நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். பாவித்த பெட்டி வாங்குவதானால் அதிலுள்ள பாக நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு பிறேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்க வேண்டும், சைபர் பதிய வேண்டும். ஹைபிரிட்டில் காற்று எடுப்பதற்கே ஸ்கானர் தேவை. அது இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எதைத் திருத்தினாலும் கோட்டை அழித்து, ஆள் நடமாட்டம் குறைந்த நேர் வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். வலதும் இடதும் மெல்ல வளைத்து, சில தடவை பிறேக் பிடித்து, அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, ஸ்கானரை இன்னொரு முறை குத்திப் பாருங்கள். சில பிழைகள் லைற்றைப் போடாமல் பதிவில் மட்டும் ஒளிந்திருக்கும். அதிலும் ஒன்றும் இல்லை என்றால் காசைக் கொடுத்து வண்டியை எடுக்கலாம்.